ஐஸா, ஒத்தடமா, நீவி விடுவதா? வலிக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

மேற்கு மாம்பலத்தில் சின்னதாக ஒரு பிசியோதெரபி கிளினிக் வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் கட்டிலில் ஏறும் முன்பே கேட்பது பெரும்பாலும் சூடு, குளிர்ச்சி, மசாஜ் பற்றித்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்ததால் எழுதியே வைத்துவிட்டேன்.

நரம்பு பிடித்துக்கொண்டது என்கிறோமே, அது நரம்புதானா?

பெரும்பாலும் இல்லை. நம் பேச்சில் தோலுக்குக் கீழே கயிறு மாதிரி தட்டுப்படுவதெல்லாம் நரம்புதான். கழுத்து திரும்பவில்லை என்றால் நரம்பு, கெண்டைக்கால் இழுத்தாலும் நரம்பு. உண்மையில் சுருங்கி விரிந்து வேலை செய்வது தசை. அந்தத் தசையை எலும்போடு பிடித்துக் கட்டும் கயிறு தசைநாண். எலும்பையும் எலும்பையும் கட்டுவது தசைநார். குதிகாலுக்கு மேலே பின்பக்கம் இரண்டு விரலால் பிடித்துப் பாருங்கள், கெட்டியாக ஒரு கயிறு வரும். உடம்பிலேயே பெரிய தசைநாண் அதுதான்.

ஆட்டுக்கால் பாயாவில் வெள்ளையாகக் கொழகொழவென்று வருகிறதே, அதில் பாதி இந்த நாண்தான். கறி சிவப்பாக இருக்கிறது, நாண் வெள்ளையாக இருக்கிறது. தசைக்கு ரத்தம் தாராளமாகப் போகிறது, நாணுக்குச் சொட்டுச் சொட்டாகத்தான். தசை கிழிந்தால் சில வாரத்தில் தேறுவதும், நாண் கெட்டால் மாதக்கணக்கில் இழுத்தடிப்பதும் இதனால்தான். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு இந்த வித்தியாசம்தான் பதில்.

கால் பிசகிவிட்டது. உடனே ஐஸா, வெந்நீரா?

முதல் இரண்டு மூன்று நாளுக்கு வெந்நீர் வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம். உள்ளே சின்ன ரத்தக் குழாய்கள் அறுந்து கசிந்துகொண்டிருக்கும். சூடு வைத்தால் குழாய் விரிந்து கசிவு கூடும்.

ஐஸ் வைக்கலாம், ஆனால் எதற்கு என்று தெரிந்து வையுங்கள். குளிர் நரம்பின் வேகத்தைக் குறைக்கிறது, அதனால் வலி மந்தமாகிறது. அதற்கு மேல் அதனிடம் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். ஓய்வு, ஐஸ், இறுக்கிக் கட்டுதல், காலைத் தூக்கி வைத்தல் என்ற நான்கையும் சேர்த்து 1978-ல் எழுதிப் பரப்பியவர் கேப் மிர்கின் என்ற அமெரிக்க மருத்துவர். உலகம் முழுக்கப் பள்ளி மைதானம் வரை அது போனது. அவரே 2014-ல், ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று எழுதினார். காரணம் லேசானதுதான். வீக்கம் என்று நாம் திட்டுவது, உடம்பு அனுப்பிய துப்புரவு ஆட்கள் வந்து இறங்கியிருப்பது. அவர்களை அடியோடு விரட்டினால் குப்பையை யார் அள்ளுவது?

ஆகவே வலி தூங்கவிடாத அளவுக்கு இருந்தால் முதல் நாள், இரண்டாம் நாள் ஐஸ் வையுங்கள். வலி தாங்கும்படி இருந்தால் வைக்காவிட்டாலும் நஷ்டமில்லை. காலைத் தலையணை மேல் தூக்கி வைப்பதும், ஓரிரு நாளில் மெதுவாகக் கணுக்காலை அசைக்கத் தொடங்குவதும்தான் முக்கியம்.

ஐஸை எப்படி வைப்பது?

ஃப்ரிட்ஜ் தட்டில் இருந்து எடுத்த கட்டிகளை ஈரத் துண்டில் சுற்றுங்கள். ஈரமாக இருந்தால் குளிர் நன்றாக இறங்கும். ஃப்ரீசரில் உறைந்த பச்சைப் பட்டாணிப் பாக்கெட் இருந்தால் அதுவும் நல்லதுதான், மூட்டின் வளைவுக்கு ஏற்றபடி படியும். கடையில் வாங்கும் ஜெல் பையை மட்டும் நேராகத் தோலில் வைக்காதீர்கள். ஃப்ரீசரில் அது 0 டிகிரிக்கும் கீழே போயிருக்கும்.

முதலில் சில்லென்று இருக்கும், பிறகு எரியும், அப்புறம் உள்ளே குடையும், கடைசியில் மரத்துப்போகும். மரத்தவுடன் எடுத்துவிடுங்கள். கணுக்கால், மணிக்கட்டு மாதிரி சதை இல்லாத இடத்துக்கு 10 நிமிடம் போதும். தொடைக்கு 15, 20 கூட ஆகலாம், நடுவில் இருக்கும் கொழுப்பு ஒரு போர்வை மாதிரி. அடுத்த முறைக்கு 2 மணி நேரமாவது விடுங்கள். முழங்கையின் உள்பக்கத்திலும் முழங்காலுக்கு வெளியே சற்றுக் கீழேயும் நிஜமான நரம்பு தோலை ஒட்டி ஓடுகிறது. அங்கே ஐஸ் வைத்துக் கட்டிக்கொண்டு தூங்கிவிடக் கூடாது.

ஜிம்மில் ஐஸ் குளியல் போடச் சொல்கிறார்கள், செய்யலாமா?

எதற்காக ஜிம்முக்குப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 2015-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் குழு ஒன்று, எடைப் பயிற்சி முடித்தவுடன் 10 டிகிரித் தண்ணீரில் 10 நிமிடம் உட்கார்ந்தவர்களையும், உட்காராமல் லேசாக சைக்கிள் மிதித்தவர்களையும் 12 வாரம் கவனித்து ஒப்பிட்டது. குளிர்ந்த தண்ணீரில் உட்கார்ந்தவர்களுக்குத் தசை வளர்ச்சியும் பலமும் குறைவாகவே கூடியிருந்தன. சதை போட வேண்டும் என்று காசு கட்டிவிட்டு, அதையே ஐஸ் போட்டு அணைக்க வேண்டாம். நாளைக்கே இன்னொரு போட்டி இருக்கிறது, இன்றைய வலி குறைந்தால் போதும் என்பவருக்கு அது சரி.

சென்னையில் இன்னொரு சிக்கல். மே மாதம் மத்தியானம் மொட்டை மாடித் தொட்டியில் இருந்து வரும் தண்ணீரில் அரிசியே வேகவைக்கலாம். அதைக் குளிர வைக்க எத்தனை மூட்டை ஐஸ் வேண்டும் என்று கணக்குப் போட்டாலே ஆசை போய்விடும்.

ஒத்தடம் எதற்கு நல்லது?

பழைய வலிக்கு, பிடிப்புக்கு, காலையில் எழுந்ததும் விறைப்பாக இருக்கும் முதுகுக்கு. தோல் 40 டிகிரியைத் தாண்டும்போது ரத்தக் குழாய் விரிகிறது, தசையின் இறுக்கம் தளர்கிறது, நாணும் கொஞ்சம் நெகிழ்கிறது. இந்த நெகிழ்வு நீடிக்காது, சூடு ஆறியதும் போய்விடும். ஆகவே ஒத்தடம் கொடுத்துவிட்டு அப்படியே படுத்துக்கொள்வது பாதி வேலை. கொடுத்த கையோடு கழுத்தைத் திருப்பி, தோளைச் சுழற்றி, முதுகை வளைத்துப் பாருங்கள்.

வெளியே இருந்து வைக்கும் சூடு ஓரிரு சென்டிமீட்டர் ஆழத்துக்குத்தான் போகும். இடுப்பு மூட்டுக்குள்ளே வலிக்கிறது என்று மேலே எவ்வளவு வைத்தாலும் அங்கே போய்ச் சேராது.

கல்லுப்பு ஒத்தடமா, தவிட்டு ஒத்தடமா, நொச்சி இலையா என்று கேட்பார்கள். உப்பும் தவிடும் சூட்டைப் பிடித்துவைக்கின்றன, துணி மூட்டையாக உடம்பின் மேடு பள்ளத்துக்குப் படிகின்றன, அவ்வளவுதான். உப்பு உள்ளே போய் நீரை உறிஞ்சுவதெல்லாம் இல்லை. ஆனால் வாணலியில் வறுத்த உப்பு 100 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். மூட்டையை முதலில் உங்கள் முன்கையின் உள்பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பத்து எண்ணும் வரை தாங்கினால் மற்றவர் மேல் வையுங்கள். ஒரு தடவைக்கு 15 முதல் 20 நிமிடம்.

சர்க்கரை நோய் இருக்கிறது. வெந்நீர்ப் பை வைக்கலாமா?

என் அம்மாவுக்குப் பதினாறு வருடமாகச் சர்க்கரை. ஒரு மார்கழி இரவு பாதம் குடைகிறது என்று கரன்டில் சூடாகும் பையை வைத்துக்கொண்டு தூங்கிவிட்டார். காலையில் குதிகாலில் பெரிய அப்பளம் மாதிரி கொப்புளம். "சுடவே இல்லைடா" என்றார். பொய்யில்லை, அவருக்குச் சுடவில்லைதான். உணர்ச்சி குறைந்த பாதம் அது. புண் ஆற மூன்று மாதம் ஆனது. பிசியோதெரபிஸ்ட் வீட்டிலேயே இதுதான் நிலவரம்.

சூட்டின் அளவு மட்டுமில்லை, நேரமும் சேர்ந்துதான் சுடும். 44 டிகிரி என்பது கொஞ்சம் சூடான குளியல் தண்ணீர்தான், ஆனால் அதே சூடு 6 மணி நேரம் ஒட்டியிருந்தால் தோல் வெந்துவிடும். பாதத்தில் மரத்தல், எரிச்சல், பஞ்சில் நடப்பது போன்ற உணர்வு இருப்பவர்கள் பாதத்துக்கு ஐஸும் வேண்டாம், சூடும் வேண்டாம். மற்ற இடத்துக்கு வைப்பதானால் விழித்திருக்கும்போது, கடிகாரத்தைப் பார்த்து, சர்க்கரை இல்லாத ஒருவர் சூட்டைத் தொட்டுப் பார்த்த பிறகு.

தைலம் தேய்த்தால் சூடு உள்ளே போகிறதா?

போவதில்லை. மெந்தால் தோலில் குளிரை உணரும் வாயிலைத் திறக்கிறது, மிளகாயின் காரம் சூட்டை உணரும் வாயிலைத் திறக்கிறது. வெப்பமானியை வைத்துப் பார்த்தால் பெரிய மாற்றம் இருக்காது, மூளைதான் ஏமாறுகிறது. வெப்பத்தையும் தொடுதலையும் உடம்பு எப்படி உணர்கிறது என்று கண்டுபிடித்ததற்குத்தான் டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன் இருவருக்கும் 2021-ல் மருத்துவ நோபல் கிடைத்தது. ஏமாற்று என்பதால் வீண் என்று நினைக்க வேண்டாம். மூளைக்கு வேறு சேதி போகிற நேரத்தில் வலி கொஞ்சம் அடங்கும். நம் ஊர்க்காரர்களுக்கு இதை நோபல் கமிட்டி சொல்ல வேண்டியதில்லை. 1893-ல் பம்பாயில் தொடங்கிய அமிர்தாஞ்சன் 1914-ல் சென்னைக்குக் குடிவந்து, மயிலாப்பூர் லஸ் பக்கமே அதன் அடையாளமாக இருந்தது.

தைலம் தேய்த்த இடத்தில் மேலே ஒத்தடம் வைக்காதீர்கள், தோல் புண்ணாகும். இதய நோய்க்கு வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் வலித் தைலத்தைத் தாராளமாகப் பூசிக்கொள்ளக் கூடாது. அதில் இருக்கும் மெத்தில் சாலிசிலேட் தோல் வழியாகப் போய் ரத்தம் உறைவதை இன்னும் குறைக்கும்.

மசாஜ் செய்தால் முடிச்சு உடையும், கெட்ட ரத்தம் வெளியேறும் என்பது?

உடைக்க முடிச்சு என்று எதுவும் இல்லை. கையில் உருண்டையாகத் தட்டுப்படுவது தசையின் ஒரு பகுதி இறுகி வலியோடு இருப்பது. அமுக்கிப் பிடிக்கும்போது அது தளர்வதற்கு முக்கியக் காரணம் நரம்பு மண்டலம். பழக்கமான, நம்பிக்கையான ஒரு கை அழுத்தும்போது உடம்பு காவலைத் தளர்த்துகிறது. தோல் சிவப்பதைப் பார்த்து உள்ளே ரத்தம் பாய்கிறது என்கிறோம், தசைக்குள் அந்த அளவு மாற்றம் இருப்பதில்லை. பலன் சில மணி நேரம், நல்ல நாளில் ஒன்றிரண்டு நாள்.

வலிக்க வலிக்க அமுக்கினால்தான் பலன் என்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. மூச்சைப் பிடித்துக்கொள்ளாமல் தாங்கும் அளவே போதும். மறுநாள் நீலம் பாரித்தால் அது வைத்தியம் இல்லை, அடி.

அப்போ சுளுக்கு எடுப்பது?

இதற்கு ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். வியாசர்பாடி, பதினாறு வயது, கால்பந்து ஆடுகிறவன். எதிராளியின் முழங்கால் அவன் தொடையில் இறங்கியிருக்கிறது. தொடை கல்லாக வீங்கிவிட்டது. வீட்டில் ஆயா, அன்று இரவே விளக்கெண்ணெயைச் சூடுபண்ணி, உருவ ஆரம்பித்திருக்கிறார். தினமும் இரண்டு வேளை, கூடவே சூடான செங்கல் ஒத்தடம். பையன் கத்துவானாம், மாமா காலைப் பிடித்துக்கொள்வாராம். நான்கு வாரம் கழித்து என்னிடம் வந்தபோது முழங்கால் பாதிகூட மடங்கவில்லை. எக்ஸ்ரே எடுத்தால், தொடைத் தசைக்கு நடுவே எலும்பு மாதிரி வெள்ளையாக ஒரு நிழல்.

நசுங்கிய தசையில் தேங்கிய ரத்தத்தை முரட்டுத்தனமாகப் பிசைந்தால், சூடும் சேர்ந்தால், சில சமயம் அந்த இடத்தில் எலும்பே உருவாகிவிடும். தொடையின் முன்பக்கமும் முழங்கையும் இதற்குப் பேர்போனவை. "நான் எவ்ளோ அமுக்கி உருவுனேன் தெரியுமா சார், அப்பவும் கட்டி கரையலயே" என்றார் ஆயா. அமுக்கியதால்தான் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பேரனுக்கு மெதுவாக முட்டியை மடக்கும் பயிற்சியைத் தினமும் செய்யவைக்கும் பொறுப்பை அவரிடமே கொடுத்தேன். ஒரு நாள் தவறவில்லை. பையன் மறுபடி மைதானத்துக்குப் போக ஏழு மாதம் ஆனது.

அதனால் புதிதாகப் பட்ட அடியில் எவரும் கை வைக்க வேண்டாம், ஆயாவானாலும் சரி, நானானாலும் சரி. நாள்பட்ட பிடிப்புக்கு இதமாக நீவுவது வேறு. சித்த மருத்துவத்தில் இதற்குத் தொக்கணம் என்று பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல் என ஒன்பது வகை சொல்லியிருக்கிறார்கள். முறையாகப் படித்தவரிடம் போக வேண்டும் என்றால் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது.

முழங்கையில் வெளிப்பக்கம் ஆறு மாதமாக வலி. எதுவும் கேட்கவில்லை.

டென்னிஸ் எல்போ என்பார்கள். டெண்டுல்கருக்கு 2004-ல் வந்து, மறு வருடம் அறுவை சிகிச்சை வரை போனது. ஆனால் என்னிடம் இதற்காக வருகிறவர்களில் டென்னிஸ் ஆடுகிறவர் அபூர்வம். கடைசியாக வந்தவர் ஒரு தோசை மாஸ்டர். தோசைத் திருப்பியைப் பிடிக்கும் கை. தைலம், ஒத்தடம், ஐஸ், கையில் கட்டும் பட்டை எல்லாம் பார்த்தாயிற்று. ஊசி போட்டுக்கொண்டு "சூப்பரா இருந்துச்சு சார்" என்று ஒன்றரை மாதம் இருந்திருக்கிறார், பிறகு முன்னைவிட மோசம். ஸ்டீராய்டு ஊசியின் குணம் இது. முதல் சில வாரம் ராஜா மாதிரி, வருடக் கணக்கில் பார்த்தால் போடாதவர்களே மேல் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இங்கேதான் நாண் தசையிலிருந்து வேறுபடுகிறது. நாள்பட்ட நாண் வலியில் பெரும்பாலும் வீக்கமே பிரச்சினை இல்லை, இழைகள் ஒழுங்கு கெட்டுப் போயிருப்பதுதான். கொலாஜன் என்ற புரதத்தாலான அந்த இழைகள் திரும்ப ஒழுங்காக அடுக்கப்பட வேண்டுமானால் இழுவிசை வேண்டும். சூடு அதைத் தராது, ஐஸ் தராது, என் கட்டைவிரலும் தராது. குறுக்காகத் தேய்க்கும் ஆழமான மசாஜ் ஒன்று உண்டு. பலன் பற்றி உறுதியான சான்று இல்லை, நானும் இப்போது அதிகம் செய்வதில்லை.

மாஸ்டருக்குக் கொடுத்தது ஒரு தண்ணீர் பாட்டில். முன்கையை மேஜையில் வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க, மணிக்கட்டை விளிம்புக்கு வெளியே விட்டு, அரை லிட்டர் பாட்டிலைத் தூக்கி 30 விநாடி அப்படியே பிடிப்பது. இரண்டு வாரம் கழித்து, மெதுவாக இறக்குவது. அப்புறம் ஒரு லிட்டர். செய்யும்போது பத்துக்கு மூன்று நான்கு அளவு வலி இருக்கலாம். மறுநாள் காலையிலும் அது அடங்கவில்லை என்றால் எடை அதிகம். மூன்று மாதம் ஆகும் என்றேன். "அதுக்குள்ள ரெண்டு லட்சம் தோசை போட்டுடுவேனே" என்று சிரித்தார். வேலையை விடச் சொல்லவில்லை, தோசை மாவு கரண்டியை இடது கைக்கு மாற்றச் சொன்னேன்.

குதிகால் நாணுக்கும் இதே கதைதான். ஸ்வீடனின் ஹாகன் ஆல்ஃப்ரெட்சன் 1998-ல் வெளியிட்ட முறை இன்றும் ஓடுகிறது. படிக்கட்டு விளிம்பில் நின்று, நுனிக்காலில் ஏறி, வலிக்கிற காலால் மெதுவாகக் குதிகாலை இறக்க வேண்டும். 15 முறை, 3 சுற்று, காலையும் மாலையும், 12 வாரம். வலி நாண் எலும்பில் ஒட்டும் இடத்திலேயே இருந்தால் மட்டும் படிக்குக் கீழே இறக்காமல் தரையில் நின்று செய்யுங்கள். மெரினாவில் ஓடுகிறவர்கள் மணலில் ஓடினால் காலுக்கு மெத்து என்று நினைக்கிறார்கள். மணலில் குதிகால் அதிகம் புதைந்து இந்த நாணைத்தான் இழுக்கிறது.

ஐஸும் ஒத்தடமும் வீண் என்று சொல்லவில்லை. பயிற்சி செய்யவிடாத வலியைத் தணித்துக் கொடுக்கும், அதற்கு வைத்துக்கொள்ளலாம்.

நாள் முழுக்க நின்றே வேலை. காலையில் முதல் அடி வைத்தால் குதிகால் குத்துகிறது.

தி.நகர் ஜவுளிக்கடையில் வேலை செய்கிறவர்கள் அதிகம் சொல்லும் வலி. இது உள்ளங்காலில் ஓடும் நாண் மாதிரியான பட்டையின் பிரச்சினை. ஃப்ரீசரில் வைத்த தண்ணீர் பாட்டிலைத் தரையில் போட்டு உள்ளங்காலால் பத்து நிமிடம் உருட்டுங்கள், குளிர்ச்சியும் மசாஜும் ஒன்றாகக் கிடைக்கும். கால்விரல்களுக்கு அடியில் மடித்த துண்டை வைத்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்கும் பயிற்சிதான் வைத்தியம். கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். கேட்டு உட்காருங்கள்.

முதல் நாள் ஜிம், மறுநாள் படி இறங்க முடியவில்லை. லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டதா?

அந்த அமிலம் பயிற்சி முடிந்த ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே கரைந்துபோயிருக்கும். இது பழக்கமில்லாத வேலையால் தசை இழைகளில் ஏற்பட்ட நுண்ணிய சேதம். இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய்த் தானே அடங்கும். லேசான மசாஜ், வெந்நீர்க் குளியல், கொஞ்சம் நடை எதுவும் செய்யலாம். ஆனால் சிறுநீர் கட்டன் காப்பி நிறத்தில் போனால் உடனே ஆஸ்பத்திரி.

மசாஜ் கன் வாங்கலாமா?

கை வலிக்காமல் கெண்டைக்கால், தொடை, பிட்டத்துக்கு ஒன்றிரண்டு நிமிடம் பிடித்துக்கொள்ள வசதி. கழுத்தின் முன்பக்கமும் பக்கவாட்டும் கூடாது. எலும்பு மேல் கூடாது.

ஆன்டிபயாடிக் சாப்பிட்ட பிறகு குதிகால் நாண் வலிக்கிறது. சம்பந்தம் உண்டா?

உண்டு. சிப்ரோஃப்ளாக்சசின், லிவோஃப்ளாக்சசின் வகை மாத்திரைகள் சிலருக்கு நாணைப் பலவீனப்படுத்தும், அறுந்துபோவதும் உண்டு. 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் ஆபத்து அதிகம். மசாஜ் செய்யாமல், மாத்திரை எழுதிய டாக்டரிடம் அன்றே சொல்லுங்கள்.

எப்போது எதுவும் வைக்காமல் நேராக டாக்டரிடம் போக வேண்டும்?

அடிபட்ட காலை ஊன்றி நான்கு அடிகூட வைக்க முடியவில்லை, அல்லது கணுக்கால் எலும்பைத் தொட்டாலே உயிர் போகிறது என்றால் எக்ஸ்ரே வேண்டும். யாரோ பின்னால் உதைத்தது போல் "டப்" என்று சத்தம் கேட்டு, நுனிக்காலில் நிற்க முடியாமல் போனால் குதிகால் நாண் அறுந்திருக்கும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, கதகதவென்று, அமுக்கினால் வலித்தால், அதுவும் நீண்ட பயணத்துக்கோ அறுவை சிகிச்சைக்கோ பிறகு என்றால், நீவவே கூடாது. உள்ளே ரத்தம் உறைந்திருந்தால் உறைந்த கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போகும். காய்ச்சலோடு மூட்டு சிவந்து வீங்கினாலும் தாமதிக்காதீர்கள்.

தனியார் கிளினிக்குக்குப் பத்து நாள் வர வசதியில்லை.

சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் பிசியோதெரபிப் பிரிவு உண்டு. கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. காலையிலேயே போய்விடுங்கள், பழைய எக்ஸ்ரே, மருந்துச் சீட்டுகளைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். முழங்கால் வலி என்றால் தொடை வரை சுருட்டக்கூடிய தளர்வான பேன்ட் போட்டுப் போங்கள். முக்கியமாக, காலையில் தைலம் பூசிக்கொண்டு போகாதீர்கள். எங்கே தொட்டால் வலிக்கிறது என்று பார்ப்பதற்குள் பார்க்கிறவர் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.